கம்பெனி இங்க்கா, லோக்கல் இங்க்கா? முதலில் ஹெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வேதாளையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு பிரிண்டர். ஒன்று, இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய எப்சன் இங்க் டேங்க் மாடல். நான்கு கலரும் பாட்டிலிலிருந்து ஊற்றுவது. மற்றது அதற்கும் முந்தியது, காட்ரிட்ஜ் விலைக்குப் பயந்து அலமாரி மேல் ஏற்றி வைத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை, வீட்டில் பொட்டலம் போடும் கருவாட்டுக்கு லேபிள், இவ்வளவுதான் பயன்பாடு. டேங்க்கில் கறுப்பு தீரப் போகிறது. கம்பெனி பாட்டில் 65 மில்லி 400 ரூபாய், லோக்கல் பாட்டில் 100 மில்லி 120 ரூபாய் என்று கடையில் சொல்கிறார்கள். லோக்கல் ஊற்றினால் ஹெட் போய்விடும் என்று கொழுந்தன் பயமுறுத்துகிறார். கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான், லோக்கலே போதும் என்கிறார் கடைக்காரர். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான், ஆனால் ஒரே பிரிண்டருக்கு அல்ல. கொழுந்தன் சொல்வது மேசை மேல் இருக்கும் டேங்க் பிரிண்டருக்குப் பொருந்தும். கடைக்காரர் சொல்வது அலமாரி மேல் இருப்பதற்குப் பொருந்தும்.

நான் ராமநாதபுரத்தில் பதினேழு வருடமாக பிரிண்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இரண்டு வகை இங்க்கும் என் கடையில் விற்பனைக்கு இருக்கிறது. எனக்கு லாபம் கூடுதலாகக் கிடைப்பது லோக்கலில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இங்க்ஜெட் பிரிண்டரில் உயிர் இருப்பது ஹெட்டில். மையைத் துளித்துளியாகத் தாளில் தெறிக்கிற பாகம் அது. வீட்டு பிரிண்டர்களில் இது இரண்டு விதமாக வேலை செய்கிறது. எச்பி, கேனன் இரண்டும் சூட்டை வைத்து மையைத் தள்ளுகிறவை. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி அடுப்பு. ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது 300 டிகிரி வரை ஏறும், மை கொதித்து ஒரு குமிழி கிளம்பும், அந்தக் குமிழி ஒரு துளியை வெளியே உந்தும். எப்சன் வழி வேறு. அங்கே அடுப்பு கிடையாது. மின்சாரம் பட்டால் நெளிகிற படிகம் ஒன்று மையைப் பிதுக்கி அனுப்பும். எல்3110 போன்ற மாடலில் கறுப்புக்கு மட்டும் 180 துளை, மற்ற கலர் ஒவ்வொன்றுக்கும் 59. ஒவ்வொரு துளையும் தலைமுடியைவிட மெலிது.

உங்களுக்கு வேண்டிய விஷயம், அந்த ஹெட் எதோடு சேர்ந்திருக்கிறது என்பது. பழைய வகைச் சின்ன காட்ரிட்ஜை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் செம்பு நிறத்தில் ஒரு தகடும் அதில் நீளவாக்கில் மெல்லிய கோடும் தெரிந்தால், ஹெட் அதிலேயே இருக்கிறது. காட்ரிட்ஜை மாற்றும்போது ஹெட்டும் புதிதாகிவிடும். லோக்கல் இங்க் ஊற்றிக் கெட்டாலும் போவது அந்தக் காட்ரிட்ஜ்தான், பிரிண்டருக்கு ஒன்றும் ஆகாது. எப்சன் டேங்க் மாடலில் ஹெட் பிரிண்டரோடு பிறந்தது. அது போனால், ஹெட் விலையும் கூலியும் சேர்த்துச் சொல்லும்போது, "இதுக்குப் புதுசே வாங்கிரலாமே அண்ணே" என்றுதான் வாடிக்கையாளர் சொல்வார். பத்தில் எட்டுப் பேர் அப்படியே புதிது வாங்கிவிடுவார்கள்.

இப்போது காசுக் கணக்கு. 65 மில்லி கறுப்பு பாட்டிலுக்கு எப்சன் சொல்லும் கணக்கு 4,500 பக்கம். சோதனைக்கென்று இருக்கும் மாதிரிப் பக்கங்களை வைத்துப் போடும் கணக்கு அது. 400 ரூபாயை வகுத்தால் பக்கத்துக்கு 9 பைசா. லோக்கலில் 2 பைசாகூட வராது. மிச்சம் 7 பைசா. காகிதமோ ஒரு தாள் ஐம்பது பைசாவுக்கு மேல். உங்களுக்கு முதல் கறுப்பு பாட்டில் தீர இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. லோக்கல் ஊற்றியிருந்தால் மிச்சமாகியிருப்பது அதே இரண்டு வருடத்துக்கு சுமார் 320 ரூபாய், வருடத்துக்கு 160. அரைக் கிலோ நல்ல நெத்திலிக் கருவாட்டுக்குக்கூடக் காணாது. அந்த 160 ரூபாய்க்காக மாற்ற முடியாத ஹெட்டை வைத்து விளையாட வேண்டாம். கம்பெனி இங்க்கையே ஊற்றுங்கள்.

இதே கேள்வியை உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி கேட்டால் என் பதில் மாறும். அவருக்கு இதே மாதிரி டேங்க் பிரிண்டரில் ஒரு நாளைக்கு 200 பக்கம் ஓடும், மாதம் 6,000. அங்கே 7 பைசா என்பது மாதம் 420 ரூபாய், வருடத்துக்கு 5,000 ரூபாய். மூன்று வருடத்தில் ஹெட் போனாலும் அவருக்கு நட்டமில்லை. அதோடு நாள் முழுக்க மை ஓடிக்கொண்டே இருப்பதால் துளை காய வழியே இல்லை. அந்தக் கடையில் ஐந்தாவது வருடமாக லோக்கல் இங்க்கில்தான் ஓடுகிறது, இன்றைக்கும் கோடு விழாமல் அடிக்கிறது. அதே சமயம் கீழக்கரையில் ஒரு வீடு. கம்பெனி பாட்டிலைத் தவிர எதையும் தொட்டதில்லை. குடும்பத்தோடு மூன்று மாதம் துபாய் போய்விட்டு வந்து ஆன் செய்தால் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வெளியே வந்தது. ஹெட் நான்கு கலரிலும் காய்ந்து கிடந்தது.

நம்ம கடற்கரையில் பிரிண்டரைக் கொல்வதில் இங்க்கின் பெயருக்கு இரண்டாவது இடம்தான். முதல் இடம் சும்மா கிடப்பதற்கு. இது எனக்கு ஜூன் மாதம் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில். கருவாட்டு வேலை மந்தம், லேபிள் தேவையில்லை. அதே நாட்களில் பள்ளிக்கூடமும் லீவு. ஆக, வருடத்திலேயே வெயில் கொளுத்துகிற இரண்டு மாதம் உங்கள் பிரிண்டர் தொடாமல் கிடக்கும். அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. கையேட்டில் 35 டிகிரி வரைதான் போட்டிருப்பான். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்த அறை அதை எப்போதோ தாண்டியிருக்கும். தடை முடிந்து படகு கடலுக்குப் போகும் வாரம், பள்ளிக்கூடமும் திறந்திருக்கும், என் கடை வாசலில் பிரிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், தேவிபட்டினம், எல்லாப் பக்கமிருந்தும். பாதிக்கு மேல் கம்பெனி இங்க் ஊற்றியவைதான். "லோக்கல் ஊத்தவே இல்ல அண்ணே, எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். மையில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் ஆவியானால் மிச்சம் சாயம் கெட்டியாக நிற்கும். அதற்குக் கம்பெனி, லோக்கல் என்ற பேதமெல்லாம் தெரியாது.

பேதம் எங்கே வருகிறது என்றால், எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதில். மை என்பது வெறும் தண்ணீரும் சாயமும் இல்லை. உலராமல் ஈரம் பிடித்து வைக்க கிளிசரின், கிளைக்கால் வகைகள், துளையில் தடையில்லாமல் ஓட ஒரு வகைச் சோப்புப் பொருள், பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து, எல்லாம் அளவாகச் சேர்த்தது. கம்பெனி தன் ஹெட்டுக்கு ஏற்றபடி இந்த அளவை வைத்திருக்கும். லோக்கலில் நல்லவையும் உண்டு. மோசமானவையில் ஈரம் பிடிக்கும் பொருள் குறைவு, வடிகட்டலும் சரியிருக்காது. தினமும் அடிக்கிற கடையில் இந்தக் குறை வெளியே தெரியாது. வாரத்துக்கு ஒரு தாள் அடிக்கிற வீட்டில்தான் தெரியும். லோக்கல் இங்க்கை நம்பிப் போகிறவர்களில் அதிகம் வீட்டுக்காரர்கள், அதனால் கெட்ட பெயரும் அதற்கு அதிகம்.

எந்த இங்க் ஊற்றினாலும் வாரம் ஒரு தடவை நான்கு கலரும் படும்படி ஒரு தாள் அடியுங்கள். அடிக்க எதுவும் இல்லையென்றால் நாசில் செக் (எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று பிரிண்டரே அடித்துக் காட்டும் சோதனைத் தாள்) ஒன்று போதும். பிறகு, பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். பிரிண்டரில் இருக்கும் பட்டனை அழுத்தினால், ஹெட் வலது ஓரம் போய் ரப்பர் மூடியில் உட்கார்ந்துவிட்டுத்தான் அணையும். சுவிட்சில் படக்கென்று அணைத்தால் ஹெட் நடுவழியில் வாயைத் திறந்தபடி நின்றுவிடலாம், அப்படி நின்றால் சீக்கிரம் காய்ந்துவிடும். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் இதே கதை. கரண்ட் வந்ததும் ஒரு தடவை ஆன் செய்து, பட்டனில் முறையாக அணைத்து வையுங்கள். நம்ம ஊர் கரண்டுக்கு இது முக்கியம்.

ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணலும் உப்பும் சேர்ந்து உள்ளே வரும். மூடியைத் திறந்தால் ஹெட் ஓடும் பாதையில், நாடா போல, கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு பிளாஸ்டிக் பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கட்டியிருக்கும். தான் எங்கே நிற்கிறோம் என்பதை ஹெட் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதில் உப்புப் படலம் படிந்தால் ஹெட் போய் டமார் என்று பக்கத்தில் இடிக்கும், விளக்கெல்லாம் மின்னும். பாம்பனிலிருந்து இப்படி வந்த ஒரு பிரிண்டருக்கு, லோக்கல் இங்க் ஊற்றியதால்தான் போச்சு என்று வேறொரு இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஈரத் துணியால் பட்டையைத் துடைத்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஓடிவிட்டது. நல்ல பழைய வேட்டித் துணியால் மூடி வைத்தாலே இதில் பாதி வராது.

சரி, டேங்க் பிரிண்டரில் லோக்கல்தான் ஊற்றுவேன் என்று யாராவது முடிவு செய்தால், அவர்கள் பார்க்க வேண்டியது சாயமா, பிக்மென்ட்டா என்பதை. சாய மை தண்ணீரில் சர்க்கரை கரைந்த மாதிரி. பிக்மென்ட் மை தண்ணீரில் சந்தனம் கலக்கிய மாதிரி, துகள் கரையாமல் மிதக்கும். எப்சன் 003 வரிசையில் (பாட்டிலின் மேல் இருக்கும் எண் அது) நான்குமே சாயம். எப்சனிலேயே 001 வரிசையில் கறுப்பு மட்டும் பிக்மென்ட். கேனன் ஜிஐ-790 வரிசையிலும் கறுப்பு பிக்மென்ட், மற்ற மூன்றும் சாயம். ஒன்றுக்கு இன்னொன்றை ஊற்றினால் முடிந்தது கதை.

இதை நான் கேட்டு அறிந்ததில்லை, செய்து அறிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் பிரிண்டருக்குக் கறுப்பு ஊற்றினேன். கையில் இருந்தது பிக்மென்ட், உள்ளே இருந்தது சாயம். கறுப்புதானே என்று ஊற்றிவிட்டேன். அன்றைக்கு அருமையாக அடித்தது. அடுத்த வாரம் கறுப்பு வரவில்லை. டியூபைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மை திரிந்த பால் போல, கட்டியும் தண்ணீருமாகப் பிரிந்து நின்றது. ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டியை விரலால் தொட்டேன், தார் மாதிரி ஒட்டியது. அந்த ஹெட் என் கைக்காசில் மாற்றியது. அன்றிலிருந்து, 'எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கும் பாட்டிலை நான் வாங்கி வைப்பதே இல்லை. எந்த மாடலுக்கு, சாயமா பிக்மென்ட்டா, எப்போது தயாரித்தது, இந்த மூன்றும் பாட்டிலில் அச்சாகியிருக்க வேண்டும். ஒரு பெயரைப் பிடித்தால் அதையே தொடருங்கள். இந்த மாதம் ஒன்று அடுத்த மாதம் ஒன்று என்று மாற்றுவது, லோக்கல் ஊற்றுவதைவிட மோசம்.

லோக்கல் வேறு, டூப்ளிகேட் வேறு. தன் சொந்தப் பெயரில், இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்பது லோக்கல். அதில் திருட்டு ஒன்றும் இல்லை, சட்டப்படியான வியாபாரம். கம்பெனியின் பெயரையும் பெட்டியையும் காப்பியடித்து விற்பது டூப்ளிகேட். உங்களைப் போல 'ஒரிஜினல்தான் ஊற்றுவேன்' என்று நினைப்பவர்கள்தான் அதில் மாட்டுவார்கள், ஒரிஜினல் விலை கொடுத்து எதுவென்றே தெரியாததை வாங்குவார்கள். ஆன்லைனில் 400 ரூபாய் பாட்டில் 190 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். மூடிக்கு உள்ளே வாயில் சீல் இருக்கிறதா, பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு ஸ்டிக்கரைச் சாய்த்தால் மாறுகிறதா என்று பார்த்து, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் இருந்தால் தகராறு என்று வரும்போது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசவும் முடியும். வாரன்ட்டி காலத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். வேறு மை ஊற்றியதால் வந்த பழுதுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வாரன்ட்டி அட்டையில் எழுதியிருப்பார்கள். பழுது மையால் வந்ததா இல்லையா என்று சர்வீஸ் கவுண்டரில் நின்று வாதாடும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிண்டருக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அநேகமாக இந்தக் கவலை இல்லை.

கொஞ்சம் பழைய கதை. கம்பெனி பாட்டில் இவ்வளவு சகாயமாகக் கிடைப்பதற்கே காரணம் லோக்கல் இங்க்தான். முன்பெல்லாம் பிரிண்டரை மலிவாக விற்றுவிட்டு, காட்ரிட்ஜில் காசு எடுப்பதுதான் எல்லாக் கம்பெனிகளின் வழி. அது பொறுக்காமல் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே நான்கு டப்பாவைத் தொங்கவிட்டு, டியூப் போட்டு, லோக்கல் மையை ஊற்றி ஓட்டினார்கள். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்து டிடிபி கடைகளில் அந்த டப்பா தொங்காத பிரிண்டரை ஒரு காலத்தில் பார்க்க முடியாது. இந்தோனேசியாவிலும் இதே கூத்துதான். 2010-ல் எப்சன் தானே டேங்க் வைத்த பிரிண்டரை முதலில் அந்த நாட்டில்தான் இறக்கியது. பிரிண்டர் விலையை ஏற்றி, மை விலையை இறக்கினார்கள். மற்றக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. லோக்கல் பாட்டிலை ஒரு காலமும் வாங்காதவரும் அதனால் பிழைத்தார்.

காட்ரிட்ஜில்தான் இன்னும் அந்தப் பழைய வியாபாரம் நடக்கிறது. சின்ன கறுப்பு காட்ரிட்ஜுக்கு 120 பக்கம் என்று கம்பெனியே போட்டிருப்பதும் உண்டு. 800 ரூபாய் கொடுத்து வாங்கினால் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஆறே முக்கால் ரூபாய்! வெளியே கடையில் அடிப்பதே மலிவு. அதனால்தான் அது உங்கள் அலமாரி மேல் ஏறியிருக்கிறது. இந்த இடத்தில் கடைக்காரர் பேச்சை முழுதாகக் கேளுங்கள். லோக்கல் மையை ஊசியில் எடுத்து ரீஃபில் செய்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் போனால் போவது காட்ரிட்ஜ் ஒன்றுதான்.

ரீஃபில் செய்யும்போது ஒன்று கவனியுங்கள். முழுக்கத் தீர்ந்து, வெள்ளையாக வரும்வரை அடித்துவிட்டுப் பிறகு ஊற்றாதீர்கள். அந்தக் குட்டி அடுப்பைக் குளிர வைப்பதும் மைதான். மையில்லாமல் அடுப்பு எரிந்தால் கருகிவிடும். கோடு மங்கத் தொடங்கும்போதே ஊற்றிவிட வேண்டும். மேல் ஸ்டிக்கரை உரித்தால் துளை தெரியும். ஊசியைப் பஞ்சு வரை இறக்கி, சொட்டுச் சொட்டாக, அடியில் கசியும் முன் நிறுத்துங்கள். கறுப்பு லேசு. மூன்று கலரும் ஒன்றாக இருக்கும் காட்ரிட்ஜில் துளை மாறிப் போனால் மஞ்சளில் நீலம் கலந்து எல்லாம் பச்சையாகிவிடும். பழகாதவர்கள் கையில் எடுக்க வேண்டாம். நிரப்பிய பிறகும் கம்ப்யூட்டர் 'மை இல்லை' என்றுதான் காட்டும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை, எத்தனை துளி அடித்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நான்கைந்து தடவை ரீஃபிலுக்கு மேல் அநேகமாகத் தாங்காது. பால் காய்ச்சும் சட்டியில் அடிப்பிடிக்குமே, அதே போல மை அந்த அடுப்பில் அடிப்பிடித்துக்கொள்ளும். இதற்குத் தொழில்பெயரே கொகேஷன். ஜப்பானிய மொழியில் கருகல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மட்ட மையில் சீக்கிரம் பிடிக்கும், கம்பெனி மையிலும் பிடிக்கும். அப்போது புதுக் காட்ரிட்ஜ் ஒன்று வாங்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இன்டர்நெட்டோடு இணைத்த காட்ரிட்ஜ் பிரிண்டர் என்றால் இன்னொரு தொல்லை. 2016 செப்டம்பரில் எச்பியின் சில மாடல்கள் வேறு கம்பெனி சிப் உள்ள காட்ரிட்ஜ்களை உலகம் முழுக்க ஒரே நாளில் ஏற்க மறுத்தன. முன்பே அனுப்பியிருந்த மென்பொருளின் வேலை அது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பூட்டை எடுக்கும் மென்பொருளை எச்பியே கொடுத்தது, ஆனால் அந்த ஏற்பாடு இன்றும் பல மாடல்களில் இருக்கிறது. இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள்: 2022 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாடு வந்தபோது கேனன் தன் சொந்த டோனர்களையே (லேசர், ஜெராக்ஸ் மெஷினுக்கான மைப்பொடி) சிப் இல்லாமல் விற்க வேண்டியதாயிற்று. 'அசல் அல்ல' என்று பிரிண்டர் சொன்னால் எப்படித் தாண்டிப் போவது என்று அவர்களே வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் எச்பி பிளஸ் என்று இருந்தால் யோசித்து வாங்குங்கள். அதில் சேர்ந்துவிட்டால் பிரிண்டர் ஆயுள் முழுக்க அவர்கள் மைதான், இன்டர்நெட்டும் எப்போதும் வேண்டும்.

உங்கள் லேபிளுக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. உங்கள் டேங்க்கில் ஊற்றுவது 003 வரிசை என்றால் நான்கும் சாய மை. கம்பெனியாக இருந்தாலும் லோக்கலாக இருந்தாலும் சாதாரணத் தாளில் தண்ணீர் பட்டால் ஓடும். கருவாட்டில் உப்பு, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலமே வியர்க்கும். ஒரு லேபிளை எடுத்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், வாளைக் கருவாடு என்பதில் 'வா' மட்டும் மிஞ்சும். பெயர் போனால்கூடப் பரவாயில்லை, தேதியும் எடையும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணும் அழிந்தால் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்புவார்.

இதற்கு மை மாற்றி ஊற்றுவது வழியல்ல. டேங்க்கில் பிக்மென்ட் ஊற்றலாமா என்று கேட்காதீர்கள், லாட்ஜ் கதைதான் நடக்கும். வழி சுலபமானது. வீட்டு பிரிண்டரில் ஒரே ஒரு தாள் அடியுங்கள், ஒரு ஏ4-ல் 16 லேபிள் வரும்படி, தேதிக்கு மட்டும் இடம் விட்டு. அதை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் வேண்டிய எண்ணிக்கை காப்பி எடுங்கள். டேங்க் பிரிண்டரில் அல்ல, டோனர் போடும் ஜெராக்ஸ் மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள். அதில் மை கிடையாது. டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி, அதைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டுகிறார்கள். தண்ணீரில் முக்கினாலும் எழுத்து அசையாது. காப்பி ஒன்று 2 ரூபாய் என்றால் லேபிள் ஒன்று பன்னிரண்டரை பைசா. தேதியைப் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், ஜெல் பேனா வேண்டாம், அதுவும் ஓடும். ஸ்டிக்கர் தாளில் எடுப்பதானால் லேசர் பிரிண்டருக்கானது என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளைக் கொடுத்தால் அவர் மெஷின் உருளையில் உருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தக் கடைப் பக்கமே நீங்கள் போக முடியாது.

போட்டோ அடிப்பவர்களுக்கு ஒரு வரி: விசாவுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ முகம் அடிப்பதானால் கம்பெனி மை, கம்பெனி தாள். எந்தக் கலருக்கு எவ்வளவு துளி என்ற கணக்கு அவர்கள் மைக்காக எழுதியது. வேறு மையில் முகம் ஊதா அடிக்கும், கறுப்பு பச்சையாகத் தெரியும்.

கடைக்குப் போகுமுன் இன்றைக்கே நாசில் செக் ஒன்று எடுங்கள். படிக்கட்டு மாதிரி கோடுகள் வரும். எல்லாப் படியும் முழுதாக இருந்தால் கறுப்பு பாட்டிலை வாங்கி, டேங்க்கில் கீழ்க்கோட்டுக்கு மை இறங்கும் முன் மேல்கோடு வரை ஊற்றிவிடுங்கள். படியில் இடைவெளி இருந்தால் பிரிண்டரிலேயே இருக்கும் ஹெட் கிளீனிங் ஒன்று, மறுபடி நாசில் செக். மூன்று தடவைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் மை உள்ளே இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் மின்னிக்கொண்டு நின்றுவிடும், அந்தப் பஞ்சை மாற்றி ரீசெட் போட என்னிடம்தான் வர வேண்டியிருக்கும். மூன்று தடவையில் சரியாகாவிட்டால் பட்டனில் அணைத்து ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்; பல சமயம் தானாக இளகியிருக்கும்.

அலமாரி மேல் இருப்பதை இறக்கி, காட்ரிட்ஜ்களைக் கழற்றி, ஒரு தட்டில் மிதமான சுடுதண்ணீரில் நனைத்த டிஷ்யூ தாளில் செம்புத் தகடு அடியில் படும்படி பத்து நிமிடம் வையுங்கள். தாளில் கறுப்புக் கோடு இறங்கினால் ரீஃபில் செய்து பார்க்கலாம். ஈரம் மட்டும் இருந்து நிறம் இறங்கவில்லையென்றால் அந்தக் காட்ரிட்ஜ் செத்துவிட்டது. புதிது வாங்கிப் போடும் காசுக்கு டேங்க் பிரிண்டருக்கு இரண்டு கறுப்பு பாட்டில் வரும்.